கறுப்புத்துணிக்காரரின் மெத்தை

தூசி உறிஞ்சும் மெஷின் விற்பவர்களில் அவரைப் போலப் பயமுறுத்த ஆளில்லை. அழைப்புமணியை அழுத்திவிட்டு, வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் செருப்பைக் கழற்றிவிடுவார். செருப்பைக் கழற்றி நிற்கும் மனிதரை வெளியே போகச் சொல்ல யாருக்கும் மனசு வராது என்பது பத்து வருட அனுபவத்தில் அவர் கண்டது. அப்புறம் நேரே படுக்கையறைதான். தரையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டு, மெஷினின் வாயில் ஒரு கறுப்புத்துணியைக் கட்டி, மெத்தைமேல் நாலு இழுப்பு இழுத்து, துணியை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடிப்பார். அதில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஏதோ படிந்திருக்கும்.

“இது என்னன்னு தெரியுதாம்மா?”

“தூசிதானே?”

“தூசின்னு நீங்க சொல்றீங்க. இதுல உங்க தோல் இருக்கு. அந்தத் தோலைத் தின்னுட்டு உயிர் வாழ்ற பூச்சி இருக்கு. அது போட்டுவச்சது வேற இருக்கு.”

பிறகு பையிலிருந்து படம் வெளியே வரும். கண்ணுக்கே தெரியாத பூச்சியை எருமை அளவுக்குப் பெரிதாக்கிய படம். அதைப் பார்த்த குடும்பம் மெஷின் வாங்காமல் அந்த மெத்தையில் படுத்துவிட முடியாது. கம்பெனியில் அவருக்குக் கறுப்புத்துணிக்காரர் என்றே பெயர்.

ஊரும் அவருக்குத் தோதான ஊர். காற்றில் எப்போதும் ஈரம். உப்பு ஜாடிக்குள்ளேயே கசிந்து நிற்கும். பிரித்த பிஸ்கட் மறுநாள் துவண்டுவிடும். நாலு நாள் போடாத ஷூவில் பச்சையாகப் பூசணம் பூத்திருக்கும். தொழிலில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வீட்டில் இருந்தது. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பாளராக இருந்த அவர் மனைவி, காலையில் கண்விழித்ததும் தும்ம ஆரம்பிப்பார். கட்டிலில் ஏழெட்டு, குளியலறையில் அஞ்சாறு, சமையலறைக்கு வந்தபின் கணக்கே கிடையாது. மூக்கு சிவக்க வேலைக்குப் போனால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். தங்கை வீட்டில் பத்து நாள் தங்கியபோது ஒரு தும்மல்கூட வரவில்லை.

“எனக்கு எது ஒத்துக்கலைன்னு கண்டுபிடிச்சிட்டேங்க,” என்றார் திரும்பி வந்ததும்.

“எது?”

“நீங்கதான்.”

அவர் சிரிக்கவில்லை. ஊர் மெத்தையையெல்லாம் சுத்தம் செய்கிறவன் வீட்டில் தும்மலா என்று ரோஷம் வந்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை படுக்கையறை முழுக்க மெஷினை ஓட்டினார். ஓட்டி முடித்ததும் மனைவி முன்னைவிட அதிகமாகத் தும்மினார். “பாத்தியா, எவ்வளவு தூசி இருந்திருக்கு!” என்று அவர் பூரித்துப்போனார்.

கடைசியில் மனைவி அவரையும் இழுத்துக்கொண்டு அலர்ஜி டாக்டரிடம் போனார். டாக்டரம்மா மூக்கைப் பார்த்துவிட்டு வீட்டைப் பற்றிக் கேட்டார்.

“மழைக்காலத்துல துணி எங்க காயப்போடுவீங்க?”

“படுக்கையறையில, கொடி கட்டி,” என்றார் மனைவி.

“ஜன்னல்?”

“தூசி வரும்னு இவர் திறக்கவே விடமாட்டார்.”

“பீரோ சுவரை ஒட்டி இருக்கா? கட்டிலுக்கு அடியில என்ன வச்சிருக்கீங்க?”

“இவர் வீடு வீடா தூக்கிட்டுப் போற மெஷின்.”

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். “அதைக் கடைசியா எப்ப சுத்தம் பண்ணீங்க?”

“சுத்தம் பண்றதே அதுதானே டாக்டர்,” என்றார் அவர்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மெஷினை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்த் திறந்தார். உள்ளே தூசி சேரும் பை வெடிக்கிற மாதிரி உப்பியிருந்தது. யார் யார் வீட்டு முடியோ, ஒரு ஒற்றைக் கம்மல், பொம்மைச் சட்டைப் பொத்தான். எப்போதோ கழுவி ஈரத்தோடு திரும்ப மாட்டிய வடிகட்டியில் கறுப்புக் கறுப்பாகப் பூசணம்.

“ஊர்ல எல்லார் மெத்தையும் நம்ம கட்டிலுக்கு அடியிலதான் இருந்திருக்கு,” என்றார் மனைவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு தலைகீழானது. உறை, போர்வை எல்லாம் கொதிக்கிற வெந்நீரில் ஊறி மொட்டைமாடி வெயிலுக்குப் போயின. பீரோவை நகர்த்தினால், பின்னால் ஆள் உயரத்துக்குப் பூசணம். அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை. சுவருக்குள் குழாய் கசிந்துகொண்டிருந்தது. பிளம்பர் வந்து குழாயை மாற்றினார். சுவரைத் தேய்க்கும் வேலை மட்டும் கறுப்புத்துணிக்காரருக்கு. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டார்கள். துணிக்கொடி வெளியே போனது, ஜன்னல்கள் திறந்தன. துடைப்பத்தால் தூசியைக் கிளப்பாமல், பிழிந்த துணியால் துடைத்து, மின்விசிறியைப் போட்டுத் தரையைக் காயவிட்டார்கள். ஒரு மாதத்தில் காலைத் தும்மல் இரண்டோ மூன்றோ என்று குறைந்தது. அடியோடு போகவில்லை. டாக்டரம்மாவும் அப்படிப் போகும் என்று சொல்லவில்லை.

வினை தொழிலில் வந்தது. அடுத்து விற்கப் போன வீட்டில் கறுப்புத்துணியைத் தூக்கிப் பிடித்தவருக்கு, பழைய வசனம் வரவில்லை. “வாரம் ஒருதடவை உறையை வெந்நீர்ல துவைங்கம்மா. ஜன்னலைத் திறந்து வைங்க. எங்கயாவது தண்ணி கசிஞ்சா முதல்ல அதைப் பாருங்க,” என்றார். அந்த அம்மா டீ கொடுத்து, நன்றி சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார். மெஷின் வாங்கவில்லை. அந்தத் தெருவிலேயே எட்டு வீட்டில் டீ கிடைத்தது.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். “நீங்க மெஷின் விக்கிறீங்களா, வெந்நீர் விக்கிறீங்களா?”

“மெஷினும் நல்லதுதான் சார். பையை மட்டும் மாத்தணும்.”

“அதை யார் உங்களைச் சொல்லச் சொன்னா?”

மறுவாரமே அவரை விற்பனையிலிருந்து தூக்கி சர்வீஸ் பிரிவில் போட்டார்கள். உறிஞ்சாத மெஷினோடு ஜனங்கள் வரிசையில் வருவார்கள். பெரும்பாலானவை அவரே விற்றவை.

“பையைக் கடைசியா எப்ப மாத்துனீங்க?” என்று அவர் கேட்பார்.

“பையா? உள்ள பை இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்?”

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பார்.