அம்மோனியாவும் சங்கிலிப்பாண்டியின் மூக்கும்

சங்கிலிப்பாண்டிக்கு மூக்கு செத்துப்போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. மட்டாஞ்சேரி ஐஸ் கம்பெனியில் இந்த விஷயம் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்றுதான் 1963ஆம் வருஷம் வரை அவர் நம்பிக்கொண்டிருந்தார். வேறு வேலையில் இருக்கிறவனுக்கு மூக்கு செத்தால் ரசத்துக்குத்தான் நஷ்டம். இவரோ அம்மோனியா எந்திரத்தைக் காவல் காக்கிற ஆள். விஷயம் வெளியே தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

ஐஸ் எப்படி உண்டாகிறது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர், தண்ணீரைக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் உறையும் என்போம். கொச்சியில் குளிர்ந்த இடத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் அந்த எந்திரம். அது அம்மோனியா வாயுவைப் பிடித்து நெருக்கும். நெருக்கிய வாயு, மேலே தண்ணீர் வழிகிற குழாய்களுக்குள் போய்த் திரவமாகும். அந்தத் திரவத்தை ஒரு சின்ன வால்வு வழியாக விட்டால் அது மறுபடியும் கொதித்து வாயுவாகும். கொதிக்கச் சூடு வேண்டுமே, அந்தச் சூட்டைப் பக்கத்தில் இருக்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். உப்புத்தண்ணீர் எத்தனை குளிர்ந்தாலும் லேசில் உறையாது. அதற்குள் இறக்கி வைத்திருக்கும் தகர டின்களில் உள்ள நல்ல தண்ணீர் உறையும். இரண்டு நாளில், டின்னுக்கு ஒன்றாக, இரண்டு ஆள் கனத்துக்கு ஐஸ் கட்டி தயார். அது எதிரே இருக்கிற வைப்பின் தீவுப் படகுகளுக்குப் போகும், படகில் வந்த இறாலின் மேல் ஏறும், அந்த இறால் கப்பலேறிச் சீமைக்குப் போகும். எங்கோ ஒரு மேஜையில் யாரோ ஒருவர் இறாலைக் கடித்து ருசிப்பதற்கு மட்டாஞ்சேரியில் ஒரு மனிதர் வாயுவைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வாயு குழாய்க்குள் இருக்கும்வரை தங்கம். வெளியே வந்தால் எமன். முதலில் லேசாக மணக்கும். அப்போதே வால்வை மூடிவிட்டால் ஒன்றுமில்லை. கொஞ்சம் கூடினால் கண் எரியும், தொண்டை அடைக்கும். இன்னும் கூடினால் ஆள் விழுந்துவிடுவான். சங்கிலிப்பாண்டியால் கண் எரிவதைக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு முன்னால் வருகிற அந்த லேசான மணம் மட்டும் அவருக்குக் கிடையாது.

அவருடைய அப்பா பிச்சை, முனிசிபாலிட்டியில் சாக்கடை வாருகிற வேலையில் இருந்தவர். அந்தத் தெருவே முனிசிபாலிட்டிதான். பிறந்தவன் நடக்கத் தொடங்கியதும் துடைப்பத்தை நீட்டிவிடுவார்கள். அங்கிருந்து தப்பி முதன்முதலாக எந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றவர், 1951இல், சங்கிலிப்பாண்டிதான். டின் தூக்குகிற வேலைக்குத்தான் சேர்ந்தார். ஆனால் காது கூர்மை. எந்திரத்தின் சத்தத்தில் ஒரு தட்டு மாறினால், எந்த வால்வு மக்கர் பண்ணுகிறது என்று தொட்டியருகே நின்றே சொல்லிவிடுவார். ஐந்தே வருஷத்தில் எந்திர ஆப்பரேட்டர் ஆனார். தெருவில் கூப்பிடும்போது பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு ‘எந்திரக்காரர்’ என்றார்கள். அதைக் கேட்க அவர் மனைவி மீனாக்ஷி, வேலை இல்லாவிட்டாலும் வாசலில் வந்து நிற்பாள்.

மூக்கு போனது அவருடைய சொந்த வீம்பில். கசிவைக் கண்டுபிடிக்க ஒழுங்கான வழி ஒன்று உண்டு. கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் மூட்டுகளின் பக்கத்தில் காட்டினால், வாயு கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை திரளும். பெட்டி நிறையத் திரி இருந்தது. ஆனால் அந்தக் கம்பெனி ஆப்பரேட்டர்களுக்கு ஒரு பழக்கம். திரி கொளுத்துகிறவன் பயந்தாங்கொள்ளி, ஆம்பளையாக இருந்தால் வால்வின் கழுத்தில் மூக்கை வைத்துச் சொல்ல வேண்டும். சங்கிலிப்பாண்டி அதில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டார். ‘நாலாவது வால்வு, ஒரு நூல் அளவு’ என்று அளந்தே சொல்வார். 1957 மழைக்காலத்தில் ஒரு வால்வு அவர் மூக்கை வைத்திருந்த நேரம் பார்த்துச் சீறியது. இரண்டு நாள் கண் திறக்க முடியவில்லை. மூன்றாம் வாரம் வீட்டில் கருவாடு கருகிப் புகை மண்டி, கிணற்றடியிலிருந்து மீனாக்ஷி ஓடிவந்தாள். அவர் அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

அதன் பிறகு அவர் திரிக்காரராக மாறினார். மற்ற ஆப்பரேட்டர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் திரிக்கு ஒரு குறை உண்டு. காட்டின இடத்தை மட்டும்தான் அது பார்க்கும். மூக்கு என்றால் அறை முழுவதையும் ஒரே மூச்சில் பார்த்துவிடும்.

1959இல் எந்திர அறைச் சுவரை ஒட்டி இறால் உரிக்கும் கொட்டகை கட்டினார்கள். நாற்பது பெண்கள், அவர்களுக்கு மேலாளாக ஆரிஃபா. மட்டாஞ்சேரித் தமிழ் ராவுத்தர் குடும்பம், நாற்பது வயது, புருஷன் இல்லை. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ராத்தா, அதாவது அக்கா. ஒருநாள் மத்தியானம் சங்கிலிப்பாண்டி நிழல் தேடிக் கொட்டகைப் பின்புறம் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். பக்கத்தில் இரண்டு நாள் பழசான இறால் ஓடு ஒரு கூடை. பெண்கள் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வழியே ஓடினார்கள். இவர் நிதானமாகப் பிசைந்து, ரசித்து, விரலை நக்கி முடித்தார். ஆரிஃபா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன ராத்தா?”

“ஒண்ணுமில்ல தம்பி. நீ சாப்பிடு.”

அன்றைக்கே ராத்தாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது என்பது இவருக்கு நாலு வருஷம் கழித்துத்தான் விளங்கியது. மறுநாளிலிருந்து ராத்தா, வேலை தொடங்கும் முன் ஒரு எனாமல் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எந்திர அறைக்குள் வருவார். ஐஸ் துண்டு வேண்டுமாம். ஐஸ் உடைக்கிற இடம் வெளியே இருக்கிறது, இந்த வழியாக வரவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வருவார், குழாய் ஓரமாக மெல்ல நடப்பார், போவார். மத்தியானம் ஒருமுறை. சில நாள் போகிற போக்கில், “தம்பி, அந்தக் கோடிக் குழாய்ப் பக்கம் என்னமோ ஒரு மாதிரி இருக்கே, ஒண்ணு நோக்கிக்கோ” என்பார். இவர் திரியைக் கொண்டுபோய்க் காட்டினால் வெள்ளைப் புகை திரளும். ராத்தா ராசியான மனுஷி, அவர் வாய்க்கு ஏதோ பலிக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார். மனிதனுக்குத் தனக்குச் சாதகமானதை நம்புவதற்குப் பெரிய அறிவு ஒன்றும் வேண்டியதில்லை.

1963இல் முதலாளி, இறாலை அங்கேயே தட்டுத்தட்டாக உறைய வைக்கிற புது எந்திரம் வாங்கினார். அதைப் பூட்ட ஏலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இன்ஜினியர் வெங்கிடாசலம் வந்தார். பாலக்காட்டுக்காரர், கறாரான ஆள். புது எந்திரத்துக்குத் தலைமை ஆப்பரேட்டர் வேண்டும், ஆப்பரேட்டர் எல்லோருக்கும் கண், காது, மூக்கு மூன்றையும் சோதிப்பேன் என்றார். சங்கிலிப்பாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை. துடைப்பம் கண்ணுக்கு முன்னால் ஆடியது.

சோதனையில் கண்ணைக் கட்டி மூன்று குப்பிகளை ஒவ்வொன்றாக மூக்கில் பிடித்தார்கள். முதல் குப்பியில் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் என்றார். இரண்டாவதிலும் ஒன்றும் தெரியவில்லை. கம்பெனியில் எங்கே திரும்பினாலும் கிடக்கிறது மண்ணெண்ணெய்தானே என்று அதையே சொல்லி வைத்தார். மூன்றாவது குப்பி மூக்குக்குள் ஊசியாகக் குத்தி, கட்டின துணிக்குள் கண்ணீரை வரவழைத்தது.

“அம்மோனியா, சார்.”

மூன்றும் சரி. மற்ற ஆப்பரேட்டர்களில் ஒருவருக்கு ஜலதோஷம், ஒருவர் மண்ணெண்ணெயைச் சாராயம் என்றார். காது சோதனையில் சங்கிலிப்பாண்டியின் பக்கத்தில் நிற்கக்கூட ஆள் இல்லை. தலைமை ஆப்பரேட்டர் அவர்தான் என்று முதலாளி எல்லோர் எதிரிலும் அறிவித்தார். அவர் சந்தோஷம் தாங்காமல் கொட்டகைப் பெண்களிடம் சொல்ல ஓடினார்.

ஓடியவர் கொட்டகை வாசலில் நின்றுவிட்டார். இன்ஜினியர் கூரையின் அடிப்பக்கம் நீளமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். புது எந்திரத்துக்குப் போகிற அம்மோனியா குழாய் அந்தக் கோட்டின் வழியேதான் போகும். கோட்டுக்குக் கீழே நாற்பது தலைகள் குனிந்து இறால் உரித்துக்கொண்டிருந்தன. அதில் இரண்டு பேர் பிள்ளைத்தாய்ச்சிகள். அந்த உயரத்துக்குத் திரி எட்டாது. அங்கே கசிந்தால் முதலில் தெரிய வேண்டியது மூக்குக்கு. அந்த மூக்குக்குத்தான் இப்போது மாலை போடாத குறை.

அவர் வந்த வழியே திரும்பி இன்ஜினியரின் அறைக்குப் போனார்.

“சார், எனக்கு மணக்காது.”

“என்னடா பறையறே? இப்பத்தானே மூணும் சரியாச் சொன்னே?”

“ஒண்ணு குருட்டாம்போக்குல சொன்னது சார். ஒண்ணு குத்திச்சு. குத்துனா தெரியும், மணக்காது. ஆறு வருஷமா இல்ல.”

வெங்கிடாசலம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முகம் சிவந்துவிட்டது. பிறகு எந்திரத்தின் நாள்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கசிவு கண்டால் தேதியும் இடமும் அதில் எழுதுவது வழக்கம்.

“மூக்கில்லாம இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சே? ஐம்பத்தொன்பது, கார்த்திகை மாசம், கோடிக் குழாய்.”

“அது, ராத்தா ஐஸ் எடுக்க வந்தப்போ என்னமோ இருக்குன்னாங்க சார். திரியக் காட்டினேன்.”

“அறுபது, மூணாவது வால்வு.”

“அதுவும் ராத்தா வந்தப்போதான்.”

“அறுபத்தொண்ணு, தொட்டிக்குப் பின்னாடி. இதுக்கு?”

“அதுவும் ராத்தா...” என்று தொடங்கினார் சங்கிலிப்பாண்டி. எனாமல் கிண்ணமும், மெல்ல நடக்கிற நடையும், அந்த இறால் ஓட்டுக் கூடையின் பக்கத்தில் தான் தின்ற சோறும் ஒன்றாகச் சேர்ந்து இப்போதுதான் மண்டையில் உறைத்தன. நாலு வருஷம் அந்த அறைக்கு மூக்காக இருந்தது யார் என்று தெரிந்துவிட்டது. கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆரிஃபாவைக் கூப்பிட்டுக் கேட்டார் இன்ஜினியர். ராத்தா எதையும் மறைக்கவில்லை.

“ஏன் முதலாளிகிட்டச் சொல்லலை?”

“சொன்னா இவரை மாத்தி வேற ஆளைப் போடுவாங்க சார். வர்றவன் வால்வுல மூக்க வச்சு வீம்பு காட்டுவான். இவரு காதும் கையும் போல இங்க ஆளு கிடையாது. மூக்குதானே இல்ல, அது என்கிட்ட இருக்கு.”

இன்ஜினியர் மூன்று காரியம் செய்தார். தலைமை ஆப்பரேட்டர் பதவியை வேறொருவருக்குக் கொடுத்தார், சங்கிலிப்பாண்டியைப் பழைய எந்திரத்திலேயே வைத்துக்கொண்டார். கொட்டகைக் கூரையில் போட்ட கோட்டை அழித்துக் குழாயை வெளிச்சுவர் வழியே கொண்டுபோகச் சொன்னார். காலையும் மத்தியானமும் எந்திர அறையை மோந்து பார்க்கும் வேலைக்கு ஆரிஃபாவின் பெயரை ஆட்கள் பதிவில் ஏற்றி, அதற்குத் தனிச் சம்பளமும் எழுதினார். எந்திர அறைப் பதிவில் ஒரு பெண் பெயர் ஏறியது அந்தக் கம்பெனியில் அதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும் சங்கிலிப்பாண்டி கைகூப்பினார். பதவி போனதைப் பற்றி அவருக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. வேலை இருந்தது, தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம், மறைக்க இனி ஒன்றுமில்லை.

“ராத்தா, நாலு வருஷமா என் வீட்டு அடுப்பு எரியறது உங்களாலதான். மீனாக்ஷிகிட்ட இன்னைக்கே சொல்லுவேன். இந்த உபகாரத்த நான் மறக்க மாட்டேன்.”

“உன் அடுப்புக்காக இல்ல தம்பி” என்றார் ஆரிஃபா. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “என் மக ஜுமைலா அங்க உக்காந்து இறால் உரிக்கிறா. மத்த புள்ளைங்களும் என் புள்ளைங்கதான். தெனமும் நான் மோந்து பாத்துட்டுத்தான் அவங்கள உள்ள விட்டேன். காய்ச்சல்னு நான் வராத நாள்ல அவளையும் வீட்ல இருத்திக்கிட்டேன். மத்தவளுங்கள என்ன சொல்லி நிறுத்துவேன்? அன்னைக்கெல்லாம் பாய்ல கெடந்து ஓதிக்கிட்டே இருப்பேன். நீ என்னைக்காவது சொல்லுவே, சொல்லுவேன்னு பாத்தேன். நாலு வருஷம் ஆக்கிட்டியே தம்பி.”

தனக்காக மட்டும் செய்யவில்லை என்று தெரிந்த பிறகு நன்றி குறையும் என்று நாம் நினைப்போம். அவருக்குக் கூடித்தான் போயிற்று, கூடவே வெட்கமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து கொட்டகைக் கதவைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நாற்பது பெண்களும் என்ன ஏது என்று முணுமுணுத்தார்கள். அவர் அசையவில்லை. ஆரிஃபா எந்திர அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “நல்லாருக்கு தம்பி, தொற” என்று சொன்ன பிறகுதான் பூட்டைத் திறந்தார். ஜுமைலாவை முதலில் உள்ளே விட்டார்.