பதினொரு ஆசிரியர்களுக்கு ஒரே எண்

சின்னப்பராஜ் அன்னபுஷ்பம் (1967–2024). குன்றத்தூரில் பிறந்தவர். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே உள்ள ஓர் உதவிபெறும் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றினார்.

அப்பள்ளியின் மாணவர்களில் பாதிப்பேர் தெற்கிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தோரின் பிள்ளைகள். தந்தையின் ஒப்பந்தம் முடிந்தால் ஆண்டின் நடுவிலேயே ஊர் திரும்பிவிடுவர். 2018இல் எட்டாம் வகுப்புச் செல்வலட்சுமி அவ்வாறு சங்கரன்கோவிலுக்குப் புறப்பட்டாள். பாதியில் நிற்கும் மின்னியல் பாடத்தை இனி யாரிடம் படிப்பது என்று கேட்டாள். அதற்கு விடையாகவே அன்னபுஷ்பம் ஓர் இணையப் பக்கத்தைத் தொடங்கினார். அன்றைய பாடம் அன்றைக்கே அதில் ஏறும். எந்த ஊரிலிருந்தும் பிள்ளைகள் படிக்கலாம். பாடத்தின் அடியில் ஐயம் கேட்கலாம்.

அறிவியல் மட்டும் போதாதென்று பிற ஆசிரியர்களையும் அழைத்தார். சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்குப் பேருந்தேறிப் போய்ப் பேசினார். தலைமையாசிரியர் பக்கங்களை அச்செடுத்து, முத்திரையிட்டு, கோப்பில் வைக்கச் சொன்னார். கணித ஆசிரியர் நம்பிராஜன் தம் அச்சத்தை மறைக்கவில்லை.

"போர்டுல தப்பாப் போட்டா டஸ்டரால அழிச்சிடலாம் மிஸ். இதுல போட்டா ஊரே பாக்கும்."

"இதுலயும் அழிக்கலாம் சார். எங்க அழிக்கறதுன்னு தெரிஞ்சிக்கினா போதும்."

ஒருவழியாகப் பதினொருவர் இசைந்தனர். ஆனால் தம் கைபேசி எண்ணை இணையத்தில் பதிய எவரும் துணியவில்லை. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அன்னபுஷ்பம் எல்லோர் கணக்கையும் தம் எண்ணிலேயே பதிந்தார். யார் உள்ளே நுழைந்தாலும் ஆறு இலக்க ஓ.டி.பி. அவர் கைபேசிக்குத்தான் வரும். வகுப்பிலும் பேருந்திலும், திருப்பலி முடிந்த கோயில் வாசலிலும் நின்று அதைப் படித்துச் சொன்னார். ஐந்தாண்டுகள் அப்படியே கழிந்தன.

2023 நவம்பரில் அவருக்குக் கல்லீரல் புற்றுநோய் முற்றியிருப்பது தெரிந்தது. அவரவர் கணக்கை அவரவர் எண்ணுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது ஒன்றே அவர் கவலை. மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் ஆசிரியர்கள் பழங்களோடு வந்தனர், உடல்நலம் விசாரித்தனர், கணினியைத் திறக்க மட்டும் விடவில்லை. நோயாளியை வருத்தலாகாது என்று எண்ணினர். அவர்கள் அன்பில் குறை சொல்வதற்கில்லை.

அவர் மறைந்த பின், விவரம் அறியாத கணவர் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. எண் வேறொருவருக்குப் போயிற்று. பதினொருவரில் ஒருவராலும் இப்போது உள்ளே நுழைய முடியவில்லை. பக்கம் இன்றும் திறக்கிறது. பிள்ளைகளின் நாற்பத்துமூன்று ஐயங்கள் விடையின்றி நிற்கின்றன.

அன்னபுஷ்பம் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, தமிழாசிரியை ரத்னா பள்ளியிலிருந்து ஓ.டி.பி. கேட்டு அழைத்தார்.

"ரெண்டு நிமிஷம் இரு ரத்னா. நம்பர் மாத்தற எடத்தச் சொல்லிடறேன்."

"நீங்க ரெஸ்ட் எடுங்க மிஸ். இன்னிக்கு நம்பர மட்டும் சொல்லுங்க, போதும்."

அன்னபுஷ்பம் ஆறு இலக்கங்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்துச் சொன்னார். அது 2024 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை.