குளவிக்கூடும் ஒரு ஃபிலிம் சுருளும்

ஜன்னலை எட்டிப் பார்த்தான் என்கிறீர்களே, ஆமாம், பார்த்தான். ஜன்னல் சட்டத்தைப் பார்த்தான். அதன் மூலையில் ஒரு குளவி மண் கூடு கட்டிக்கொண்டிருந்தது. உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்டால் என் தம்பிக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. குளவி எத்தனை உருண்டை மண் கொண்டுவந்தது என்று கேளுங்கள், சொல்லுவான்.

வேலை மின்சார ஆபீசில், வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பது. மீட்டர் பெட்டிக்குள் என்ன இருக்கும்? சிலந்தி, பல்லி முட்டை, குளவிக்கூடு. மற்றவர்கள் தட்டிவிட்டு எண்ணைக் குறிப்பார்கள். இவன் எண்ணைக் குறித்துவிட்டு, சாயங்காலம் கேமராவோடு திரும்பப் போவான். ஊரில் அவனுக்குக் குளவிக்காரன் என்றே பெயர்.

அவன் அறையில் கால் வைக்க இடம் இருக்காது. கட்டிலுக்கு அடியில் செருப்புப் பெட்டிகள், பெட்டி நிறையப் படங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் பரப்பி, பின்பக்கம் எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டுவான். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் புழுவை இழுத்துப்போகிற குளவி எது, சிலந்தியைத் தூக்கிப்போகிற குளவி எது என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன்.

"ஒரு கல்யாணம் பண்ணிக்கோடா," என்பேன்.

"குளவி தனியாளா வீடு கட்டி, பிள்ளைக்குச் சாப்பாடும் அடைச்சு வச்சிட்டுப் போகுதுக்கா. அந்தச் சாமர்த்தியம் எனக்கு ஏது?" என்பான்.

தையல்காரர் வீட்டுப் பின்ஜன்னலில்தான் அந்தக் கூடு. முதல் மண் உருண்டையிலிருந்து, குட்டிக் குளவி கூட்டை உடைத்து வெளியே வருவது வரை ஒரே சுருளில் எடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. தையல்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் போனான். ஒரு மாதம் போனான். கடைசிப் படத்தை எடுத்துவிட்டு வந்த அன்று முகமெல்லாம் பல்.

மறுநாள் அவன் ஆபீஸ் போயிருந்தபோது, மருந்துக்கடைக்காரர் மனைவி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"உங்க தம்பி பொம்பளைங்களைப் படம் எடுக்கறாராமே?"

"யாரு சொன்னா? தையல்காரரைக் கேளு."

"அவரு கடையில இருக்காரு, அவருக்கு என்ன தெரியும்? குளவின்னா காட்டுங்களேன், பார்ப்போம்."

எனக்குச் சுருக்கென்றது. "காட்டறேன், வாடி!" என்று கேமராவைக் கொண்டுவந்து, அவள் கண்ணெதிரே பின்மூடியைத் திறந்து, சுருளைக் கடைசி வரை இழுத்து வெயிலில் பிடித்தேன். படமெல்லாம் வரிசையாக அதில் இருக்கும், வாயை மூடிக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். ஒன்றுமே இல்லை.

"அழிச்சாச்சா?" என்று சிரித்தாள்.

சாயங்காலம் வந்தவன் மேஜைமேல் கிடந்த சுருளைக் கையில் எடுத்தான். "கழுவறதுக்கு முன்னாடி வெளிச்சம் பட்டா படமெல்லாம் போயிடும்க்கா," என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் அவன் மீட்டர் பார்க்கப் போனால்கூட, வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் பக்கத்திலேயே நின்றார். ஆபீசில் துரத்தினார்கள் என்பது பச்சைப் பொய். அவனே எழுதிக் கேட்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கினான்.

புறப்படுகிற அன்று செருப்புப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டினான்.

"உன்மேல எனக்குக் கோபம் இல்லக்கா."

"கோபப்பட நான் என்ன பண்ணிட்டேன்?" என்றேன். மன்னித்துக்கொள் என்கிற வார்த்தை தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போடா."

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படி இறங்கினான்.