கமலாக்கா வீட்டுப் பொய் ஜன்னல்

போன ஞாயிற்றுக்கிழமை கமலாக்கா வீட்டில் ஒரே தூசி. பாரீசிலிருந்து மகன் சேகர் வந்திருக்கிறான், வீட்டைப் புதுப்பிக்கிறான். எதிர்வீட்டுக்காரி நான் வேடிக்கை பார்க்கப் போகாமல் இருப்பேனா?

தெருவில் அதற்கு 'சொல்தா வீடு' என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அக்காவின் மாமனாருக்குத் தாத்தா கட்டியது. தெருப் பக்கம் வளைவு ஜன்னல், தூண், பால்கனி. உள்ளே நுழைந்தால் முற்றம், ஓடு, துளசி மாடம்... வாசலில் கோட்டு, உள்ளே வேட்டி!

கூடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. பச்சை மரக்கதவு, பித்தளைக் கைப்பிடி எல்லாம் இருக்கும், திறக்காது. பின்னால் வெறும் சுவர். இந்தப் பக்கம் இரண்டு ஜன்னல் என்றால் அந்தப் பக்கமும் இரண்டு வேண்டும் — பிரெஞ்சுக்காரன் அழகுக் கணக்கு அது. காற்று வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

அதைப் பெயர்த்துவிட்டு டிவி மாட்டப்போவதாகச் சொன்னான் சேகர். எதற்கும் மறுப்புச் சொல்லாத கமலாக்கா, ஜன்னலுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சேகருக்குக் கோபம். இந்த வயசில் என்ன பிடிவாதம் என்று எனக்கும் தோன்றியது.

அப்புறம்தான் சொன்னார். குருசுக்குப்பத்திலிருந்து கல்யாணமாகி வந்த முதல் நாள். ஐப்பசி மாதம். புழுக்கம் தாங்காமல் அந்த ஜன்னலை இழுத்திருக்கிறார். வரவில்லை. மறுபடியும் இழுத்திருக்கிறார். கூடமே சிரித்ததாம். குப்பத்துப் பெண்ணுக்குச் சுவர் எது, ஜன்னல் எது என்று தெரியவில்லையாம்!

"அவரு எழுந்து வந்தாரு. அவரும் ரெண்டு கையால புடிச்சி இழுத்தாரு. 'மழையில ஊறி இறுகிக்கிச்சி கமலா. மழை போவட்டும், ஆசாரிய கூப்புடறேன்'னாரு."

அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன்!

அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் அதையே சொல்வாராம், போன வருஷம் கண்ணை மூடும் வரைக்கும். உங்களுக்கு உண்மை தெரியாதா அக்கா என்று கேட்டேன். மறுநாளே தெரிந்துவிட்டதாம்.

"தெரிஞ்சதா அவராண்ட காட்டிக்கவே இல்ல" என்றார்.

சேகர் எழுந்து வந்து, அம்மாவின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, கைப்பிடியைப் பிடித்து இழுத்தான்.

"ரொம்ப இறுகிக்கிச்சிம்மா. மழை போவட்டும்."

வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அதனால் என்ன... மழை பெய்கிறது என்றே வைத்துக்கொள்வோம்!