சரசு படித்த கதையும் போன் படித்த கதையும்

தறிச் சத்தம் நின்ற நாளில் எங்கள் வீட்டுக்குத் தனி வாசனை ஒன்று வரும்... புதுப் பாவின் கஞ்சி வாசனையும் விரலில் ஒட்டின சாம்பல் வாசனையும் கலந்து.

அது பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைக்கிற நாள். பழைய பாவு நெய்து தீர்ந்ததும் அதன் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பலைத் தொட்டு விரலால் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. கண்ணும் கையும் அதிலேயே கிடக்கும். காது மட்டும் சும்மா இருக்கும்.

அந்தக் காதுக்குத்தான் சரசு புத்தகம் படிப்பாள்.

சரசு என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. பத்தாவது வரை படித்தவள். நான் மூணாவதோடு நின்றவள். "அக்கா, நீங்க எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள கதையில வர்றவனுக்கு வயசாயிடும்" என்று கிண்டல் செய்வாள்.

மற்ற நாளில் தறிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. அதனால் அடுத்த பாவு வரைக்கும் கதையில் அவரவர் அப்படியே நிற்பார்கள். "சீக்கிரம் நெய்யுங்க, அந்தப் பொண்ணு பாவம் வாசல்லயே நின்னுக்கினு இருக்குது" என்று என் வீட்டுக்காரரை ஒருநாள் விரட்டினேன். "யாரு வந்திருக்குது?" என்று அவர் எழுந்து வாசலுக்கே போய்விட்டார்!

அப்படி ஒரு கதை. அதில் தேவகி என்று ஒருத்தி. அவள் பெண் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். கொட்டுகிற மழையில் வண்டி கட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போகிறாள்...

அந்த இடத்தில் சரசு நிறுத்தினாள். "இருங்கக்கா, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகப் படித்தாள். டாக்டர் ஊசி போட்டார். மழை விட்டது. குழந்தை கண்ணைத் திறந்து "அம்மா" என்றது.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் என் மூத்த பெண்ணைக் காய்ச்சலில் பறிகொடுத்திருந்தேன்.

தேவகியின் குழந்தை பாவுக்குப் பாவு வளர்ந்தது. அதற்குப் பல் விழுந்தது. பள்ளிக்கூடம் போனது. பங்குனி உத்திரத்தில் காத்தாடி கேட்டுத் தெருவில் புரண்டு அழுதது. கதை நடப்பதோ தெற்கே எங்கேயோ மலைப்பக்கம்.

"இன்னாடி, திருவிழா அப்படியே நம்ம ஊரு மாதிரியே இருக்குது?" என்று கேட்டேன்.

"திருவிழான்னா எல்லா ஊரும் ஒண்ணுதான்க்கா. நீங்க இழையைப் பாருங்க" என்றாள்.

போன தை மாசம் சரசு போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, சென்னையில் வேலை பார்க்கும் அவள் மகள் பிரியா என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். "ஆடியோ புக் பெரியம்மா. அம்மா மாதிரியே படிக்கும்" என்றாள். தேவகி கதையின் பெயரைச் சொன்னேன். அதுவும் இருந்தது.

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை, அதான் பிரியாவின் வீட்டுக்காரர், சும்மா இருக்கவில்லை. "அத்தை, கேக்கறதெல்லாம் படிச்சதா ஆகாது. புஸ்தகத்தைக் கையில புடிச்சாதான் படிப்பு."

"கேட்டாலும் படிச்சாலும் ஒண்ணுதான். நீங்க கம்முனு இருங்க" என்று பிரியா அவரை அடக்கினாள்.

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்.

காதால் கேட்டது படிப்பில்லை என்றால், இத்தனை வருஷம் நான் ஒரு புத்தகமும் படிக்காதவளா? தேவகியின் மாமியாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறதே, அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? இந்தப் பதிவைக்கூட நான் வாயால்தான் சொல்கிறேன். போன் எழுதுகிறது, பேரன் தப்பைத் திருத்துகிறான். அப்போ இதை எழுதினது நானில்லையா?

சரி, "ஒண்ணுதான்" என்றாளே பிரியா... அதுவும் எவ்வளவு பொய் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இயர்போனில் ஒரு அம்மாள் நல்ல குரலில், ஒரு இடத்திலும் தடுக்காமல் படித்துக்கொண்டே போனாள். வண்டி போகிறது. மழை கொட்டுகிறது. டாக்டர் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது. தேவகி மடியிலேயே குழந்தை செத்துப்போனது.

அந்த அம்மாள் நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

"தப்பா படிக்குதுடி இது!" என்று கத்தினேன். பிரியா அவள் அம்மாவின் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அச்சிலும் அப்படித்தான் இருந்ததாம். அதற்கப்புறம் கதையில் குழந்தையே கிடையாதாம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா உங்கள நல்லா ஏமாத்தியிருக்காங்க பெரியம்மா. நீங்க இந்தக் கதையைப் படிக்கவே இல்ல."

ஏமாற்றினாளா? யாரைப் பற்றி, யாரிடம் சொல்கிறாள்?

"வாயை அலம்புடி. உங்கம்மா ஒண்ணும் ஏமாத்தல. எதிர்ல உக்காந்திருந்தவ மொகத்தைப் பாத்துப் படிச்சா. உங்க பெரியக்கா செத்த மறு வருஷம்டி அது. நீ அப்ப பொறக்கவே இல்ல."

பிரியாவின் சிரிப்பு நின்றது. புத்தகத்தை மடியில் வைத்து அந்தப் பக்கத்தை மறுபடி பிரித்துப் பார்த்தாள்.

நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. புத்தகத்தில் இல்லாத ஒரு குழந்தையை அத்தனை பக்கமும் சரசு தூக்கிச் சுமந்திருக்கிறாள். அதற்குப் பாவாடை தைத்துப் போட்டாள், சடை பின்னிவிட்டாள், அம்மை வந்தபோது வேப்பிலையால் விசிறினாள். ஒருநாளும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. அவளைப் போய் ஏமாற்றுக்காரி என்பதா?

போனில் படிக்கிற அம்மாளை நான் குறை சொல்லவில்லை. அவள் வேலையை அவள் ஒழுங்காகச் செய்கிறாள். ஆனால் அப்போது படித்தவளுக்கு, என் கண் கலங்கி விரல் ஈரமாகி இழை வழுக்கினால் உடனே தெரியும். இப்போது படிக்கிறவளுக்கு எதிரே நான் இருக்கிறேனா என்பதே தெரியாது.

"மீதியையும் கேட்டுடுங்க பெரியம்மா" என்கிறாள் பிரியா, இப்போது கொஞ்சம் தயங்கித் தயங்கி.

கேட்க மாட்டேன். மீதிக் கதை எனக்குத் தெரியும். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு அரக்குப் புடவை கட்டிக் கல்யாணம் நடந்தது. சரசு படித்தாள். நான் கேட்டேன்.