ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முன் ஒரு சின்ன ஜெபம்

இன்று எங்கள் வீட்டில் கணக்குப் பாடம் நடக்கவில்லை. காரணம், பக்தி.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நானே வீட்டில் பாடம் சொல்லித் தருவது உங்களுக்குத் தெரியும். ஒன்பதரைக்கு ஜெபம், பிறகு பத்து வரை கணக்கு, பத்துக்குப் படம் வரைதல். இன்று ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டிய நாள்.

"அம்மா, இன்னிக்கு நான் ஜெபம் பண்றேன்" என்றான் ஏழு வயது சாமுவேல். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"ஏசப்பா, அப்பா ஸ்கூட்டர் ஒரே உதையில ஸ்டார்ட் ஆகணும். ஓனர் ஆண்ட்டி மூட்டு வலி போகணும். தசரா யானைங்களுக்குக் கால் வலிக்கக் கூடாது..."

யானைகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு பாகன்கள். பிறகு பாகன்களின் பிள்ளைகள்.

ஜெபத்தை நடுவில் நிறுத்தச் சொல்ல எந்த அம்மாவுக்கு வாய் வரும்?

மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தேன். அவனும் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தாக ஐந்து நிமிடம்.

"சாமு! ஜெபத்துல கண்ணைத் திறந்தா என்ன ரூல்?"

"முதல்ல இருந்து ஜெபம் பண்ணணும்." நானே போட்ட ரூல். "நீங்களும் திறந்தீங்க. அப்போ ரெண்டு தடவை. ரூல் அந்த்ரே ரூல்தானேம்மா?" ரூல் என்றால் ரூல்தான் என்பதற்கு மைசூர்க் கன்னடம் வேறு.

மறுபடி ஸ்கூட்டரிலிருந்து ஆரம்பித்தான்.

சாயங்காலம் பிள்ளைகளை என் கணவர் பொறுப்பில் விட்டுவிட்டு இன்டர்நெட் சென்டரில் இதைத் தட்டுகிறேன். ஜெபத்தையும் தடுக்காமல் கணக்கையும் நடத்த வழி தெரிந்தவர்கள் பதில் போடுங்கள்.

மைசூர் யானைகள் எல்லாம் நலமாக இருக்கும். ஏழு எட்டு எவ்வளவு என்பதுதான் இன்னும் ஆண்டவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருக்கிறது.