மூன்று மழை காணாத கல்

எனக்கு எண்பத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. கூட வந்த மூன்றும் என் லாத்தாவின் பிள்ளைகள். எங்கள் காயல்பட்டணத்தில் அக்காவை லாத்தா என்போம். எட்டில் ஒன்றும் சோடை போகவில்லை. நான் பள்ளிக்கூடம் பார்த்தவள் இல்லை. ஓதப் போன இடத்தில் அரபு எழுத்துப் படித்தேன். தமிழை, பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டி நானே பிடித்துக்கொண்டேன். மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரம் உள்ளவர்கள் எழுந்து போகலாம்.

எங்கள் ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவது கிடையாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகவே பெண்ணுக்கென்று ஒரு வீடு வேண்டும். வீடாக முடியாதவர்கள் கல்லில் ஓர் அறையாவது எடுத்துக் கொடுப்பார்கள். அதுவும் இல்லையென்றால் கல்யாணப் பேச்சே எழாது.

வாப்பாவுக்கு வள்ளத்தில் கல் ஏற்றும் தொழில். தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் தீவுகளைச் சுற்றிக் கடலுக்குள் பவளப் பார் கிடக்கிறது. அதை உடைத்து எடுப்பதுதான் பார்க்கல். தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்கும், கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஊரில் பாதிச் சுவர் வாப்பா கொண்டுவந்த கல். கல்லை இறக்கியதும் வாங்கினவரிடம் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "மூணு மழை காட்டிட்டுக் கட்டுங்க." மூன்று ஐப்பசி வெட்டவெளியில் கிடந்து நனைந்தால்தான் கல் குடித்த உப்பு இறங்கும். அவசரக்காரருக்கு அவர் கல்லே கொடுக்கமாட்டார் என்று ஊரில் பெயர்.

உலகச் சண்டை ஓய்ந்த பிறகு லாத்தாவுக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளை கொழும்பில் கடை வைத்திருந்தவர். கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது, அவர் திரும்பிப் போக வேண்டும். நோன்புக்கு முன்னாலேயே நிக்காஹ் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் கல் கொடுத்த வாப்பா தனக்கென்று ஒரு கல்லைக்கூட மழையில் போட்டு வைக்கவில்லை.

பங்குனியில் கல் வந்து இறங்கியது. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. கொத்தனார் ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கல்லு இன்னும் கடலை மறக்கலையே."

"மறக்கும்வே. மழை வராட்டா என்ன, கெணத்துல தண்ணி இல்லையா?"

"ஒங்க கெணத்துத் தண்ணியில பருப்பே வேகாதே, அண்ணாச்சி."

வாப்பா சிரித்தார். நானும் உம்மாவும் அந்தத் தண்ணீரையே குடம் குடமாக இறைத்துக் கல்லின் மேல் ஊற்றினோம். எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும். உப்புப் போய்விட்டதா என்று நாக்கால் தொட்டுப் பார்த்துச் சொல்கிற வேலையும் எனக்குத்தான்.

"கரிக்குது வாப்பா."

"கடக்கரைப் புள்ள நாக்கு எப்பவும் கரிக்கத்தான் செய்யும். பொறகு பாரு."

மறுநாளும் கரித்தது. அதற்கப்புறம் அவர் என்னைக் கேட்கவில்லை.

அறை எழும்பியது. சுண்ணாம்பு பூசித் தேய்த்ததும் மாப்பிள்ளையின் உம்மா வந்து சுவரைத் தடவிப் பார்த்து, முட்டை ஓடு மாதிரி இருக்கிறது என்றார். வாப்பா அன்றைக்கு இரண்டு தரம் தலைப்பாகையைக் கழற்றிக் கட்டினார். கல்யாணம் நடந்தது. பெருநாள் முடிந்து மாப்பிள்ளை கொழும்புக்குக் கப்பல் ஏறினார்.

மழை வந்து போய்த் தைக் காற்று அடிக்கத் தொடங்கியதும் சுவரில் வெள்ளையாக மயிர் முளைத்தது. பூனைக்குட்டியைத் தடவுவது போலத் தடவலாம். எனக்கு ஒரே வேடிக்கை. பிறகு பூச்சு உப்பி, அப்பளம் மாதிரி உடைந்து விழுந்தது. உள்ளே இருந்த கல் மாவாகக் கொட்டியது. ஈரத்தில் கரைகிற உப்பு காற்றில் காயும்போது கல்லின் கண்ணுக்குள் உறைந்து நெம்பும் என்பதெல்லாம் நான் பிற்பாடு அறிந்தது.

கட்டிக்கொடுத்த மகளின் அறைக்குள் தகப்பன் கால் வைக்கமாட்டார். வாப்பா அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்து வாசலில் நின்றே கேட்பார்.

"அறை சௌகரியமா இருக்கா, புள்ளே?"

"நல்லாருக்கு வாப்பா. வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கு."

லாத்தா கொழும்புச் சேலைகளைச் சுவர் மறையக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வாசலிலிருந்து பார்த்தால் மாளிகை மாதிரி தெரியும். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சேதி போனால் ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். ஊரில் வாப்பாவின் வாக்கை நம்பி இனி யாரும் கல் வாங்கமாட்டார்கள். அதனால் உம்மாவையும் அவள் உள்ளே விடுவதில்லை, நான்தான் உண்டு. விடியலில் சுபுஹு தொழுததும் உதிர்ந்ததைக் கூட்டி ஓலைக் கடவத்தில் அள்ளுவாள். பெண்கள் நடக்கிற முடுக்கு வழியாக என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கடலில் கொட்டுவாள்.

"கொல்லையில போட்டா என்ன லாத்தா?"

"குமிஞ்சா கண்ணுல படும். வாயை மூடிக்கிட்டு வா, புள்ளே."

சொல்லிவிட்டு இருமுவாள். தூள் நெஞ்சில் ஏறியிருந்தது.

ஒருநாள் அவள் குனிந்து கடவத்தைக் கவிழ்க்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி வள்ளத்தில் வாப்பா இருந்தார், தண்ணீர் இறைத்துக்கொண்டு. எங்களைப் பார்த்தார். கடவத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். காற்றுப் பார்க்கிறார் என்று நினைத்தேன். லாத்தா நிமிர்வதற்குள் அவர் முதுகுதான் தெரிந்தது. அன்று மஃரிபுக்குப் பிறகும் வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். அவளும் அதே பதிலைச் சொன்னாள்.

அந்தக் கோடையில் வாப்பா வள்ளத்தை விற்றுவிட்டு ஆறுமுகநேரி உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார். வள்ளம் பழசாகிவிட்டதால் விற்றார் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

லாத்தா அந்த அறையிலேயே மூன்று பிள்ளை பெற்றாள். கொழும்பிலிருந்து வந்து போன மாப்பிள்ளையும் அவளுக்காகச் சுவரைப் பற்றி வெளியில் மூச்சு விடவில்லை. வாப்பா கண்மூடி மவுத்தான அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, கடைசிவரை வாப்பாவுக்குத் தெரியாமலே போச்சு" என்றாள். எனக்கு அந்தக் காலை நேரத்து முதுகு ஞாபகத்துக்கே வரவில்லை. சில வருஷத்தில் மூச்சிழுப்பு அவளையும் கொண்டுபோனது. சுவரால்தான் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன்.

பிறகு என் மூத்தவளைக் கட்டிக்கொடுத்தேன். ஒருநாள் அவள் அறை வாசலில் நின்று சௌகரியமா என்று கேட்டேன். நல்லாருக்கு உம்மா என்றாள், கொஞ்சம் வேகமாக. அவள் முகத்தைப் பார்க்காமல் நான் முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பின பிறகுதான் வாப்பா எந்தக் காற்றைப் பார்த்தார் என்று தெரிந்தது. வாப்பாவுக்குத் தெரியும் என்று சொல்வதற்கு லாத்தா இல்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் இரண்டு பேர் பாரமும் இறங்கியிருக்கும். அறையைப் பிரித்துப் போட்டு, மூன்று மழை கண்ட கல்லில் எடுத்திருப்பார்கள்.

இப்போது அந்தக் கரைக்குப் போனால் எது கடல் மணல், எது லாத்தாவின் சுவர் என்று பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே மணலாகக் கிடக்கிறது.

இவ்வளவுதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வா, புள்ளே. நீ லாத்தாவின் பேத்தி, அவள் குரல் உனக்கு இருக்கிறது. முதலிலிருந்து எல்லாருக்கும் கேட்க வாசி. வாப்பா வாசலில் நின்று கேட்கிற இடம் வரும்போது, உடனே பதிலை வாசித்துவிடாதே. கொஞ்சம் நிறுத்து.